உன்னை உள்ளே இருக்கச் சொன்ன ஊர்

இன்று காலை நம் லயத்து வரிசைவீட்டு வாசலில் புது வர்ணத்தின் வாசனை. அடுத்த வீட்டுக்காரர்கள் ஊருக்குப் புறப்படுகிறார்கள். தகரப் பெட்டிக்குப் பச்சை பூசி வெயிலில் காயவைத்திருந்தார்கள். அந்த வீட்டுப் பெண் சிரித்த முகத்தோடு கேட்டாள்: "அண்ணே, நீங்களும் அக்காவும் ஒரு தடவ போய் வந்தீங்கல்ல? ஊருக்கு என்னென்ன வாங்கிட்டுப் போலாம், சொல்லுங்க."

"எது வேணாலும் வாங்கிட்டுப் போம்மா. வாங்கிக்குவாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வாங்கிக்கொள்வார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நாமும் வாங்கினோமே. உன் அம்மாவுக்குக் கம்பளி, உன் பெரியப்பாவுக்குக் குடை, பெண்டுகளுக்கெல்லாம் மணக்கும் சோப்பு. சிங்கப்பூரில் கப்பலுக்குக் காத்திருந்தபோது கடை கடையாக என்னை இழுத்துக்கொண்டு போய், உன் தங்கச்சியின் முகூர்த்தத்துக்கென்று அந்த அரக்குப் பட்டுச்சேலையை எடுத்தாய். துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "இது அவ நிறத்துக்கு எடுக்கும்ங்க" என்றாய்.

உன் முதல் புருஷன் இந்தப் பெக்கோக் தோட்டத்துக்கு வந்த முதல் மழைக்காலத்திலேயே காய்ச்சலில் போனான். வேறொருத்தியாக இருந்தால் அடுத்த கப்பலில் திரும்பியிருப்பாள். நீ மறுபடியும் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் போய் வரிசையில் நின்றாய், ரப்பர் பால்மரம் சீவினாய். பிறகு நான் கேட்டேன். நீ நாளெடுத்து யோசித்துச் சரி என்றாய். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் உனக்குத் தாலி கட்டினேன். இங்கே ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. காய்ச்சலும் பாம்பும் ஆளைத் தின்கிற இந்தக் காட்டில் அதற்கெல்லாம் யாருக்கு நேரம்?

நாகப்பட்டினத்தில் இறங்கி, வண்டி பிடித்து உன் ஊருக்குப் போனதும் உன் அம்மா உன்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் அழுது முடித்ததும் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ஆளுக்கொன்றாய் எடுத்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் நீயும் நானும் குளக்கரைக்கு ஒருவர் பக்கத்தில் ஒருவராய் நடந்துபோனோம், இங்கே நடப்பது போல. தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. "புருஷனோட தோள ஒரசிக்கிட்டுப் போறா பாரு" என்று ஒருத்தி நம் காதுபடவே சொன்னாள். நீ இங்கத்துப் பேச்சில் "கோப்பி இருக்கா?" என்று கேட்டால் சிரித்தார்கள். உன் பெரியப்பா ஒரு நாளாவது என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டாரா? "வந்தவருக்கு இலை போடுங்க" என்பார். நான் முறைத்தால் நீ என் கையைத் தொடுவாய். "விடுங்க, அவங்களுக்குப் பழக்கமில்ல."

கல்யாணத்தன்று காலை பந்தலில் உன்னைக் காணவில்லை. தேடிப் பின்கட்டுக்கு வந்தால், நெல்மூட்டைகளுக்கு நடுவே, தலை நிறையப் பூவோடு நீ உட்கார்ந்திருந்தாய்.

"இங்க என்ன பண்ற?"

"முகூர்த்தம் முடியற வரைக்கும் உள்ள இருக்கச் சொன்னாங்க. அம்மாதான் சொல்லிச்சு."

"எதுக்கு?"

வாசலில் நின்றிருந்த உன் பெரியப்பா சொன்னார், எனக்கல்ல, சுவரைப் பார்த்து: "அறுத்துக் கட்டினவ கண்ணுல தாலி படலாமா? சின்னப்புள்ள நல்லா இருக்க வேணாமா?"

அவர் கக்கத்தில் நீ வாங்கிவந்த குடை இருந்தது. உன் கை எடுத்த சேலை மணவறையில் ஏறலாம். உன் கை வாங்கிய சோப்பில் சம்பந்தி வீட்டுப் பெண்டுகள் குளிக்கலாம். நீ மட்டும் நெல்மூட்டைக்குப் பின்னால் இருக்க வேண்டும். "வா, போலாம்" என்று உன் கையைப் பிடித்தேன்.

"சத்தம் போடாதீங்க, தங்கச்சி கல்யாணம்" என்றாய். "ஆனா இங்கேயும் உக்கார மாட்டேன்."

எழுந்து நேராகப் பந்தலுக்குப் போனாய். தேங்காய் மேல் தாலியை வைத்த தட்டை ஒவ்வொருவராய்த் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உன்னிடம் வந்தபோது உன் அம்மாவே குறுக்கே கை நீட்டித் தட்டை அப்பால் வாங்கிக்கொண்டாள். நீ நீட்டிய விரல்கள் அப்படியே நின்றன.

"அம்மா, அவ கட்டியிருக்கிற சேல நான் எடுத்தது. அத அவுக்கச் சொல்லலையே நீ?"

அம்மா தலை குனிந்துகொண்டாள். அப்போதுதான் தங்கச்சி பேசினாள், மாலைக்குள்ளிருந்து, நமக்கு மட்டும் கேட்கும் குரலில்: "அக்கா, உள்ள போயிடுக்கா. எனக்குப் பயமா இருக்கு."

அந்த ஒரு சொல்லுக்குத்தான் நீ அசைந்தாய். ஒரு பிடி அட்சதையை எடுத்துக்கொண்டு பந்தலைத் தாண்டித் தெருவுக்கு வந்து நின்றாய். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன். கெட்டிமேளம் கொட்டியது. நடுத்தெருவில் நின்றபடி, பந்தல் இருந்த திசையில் அந்த அரிசியைத் தூவினாய். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்தாய்.

கப்பலில் நீ அழுவாய் என்று காத்திருந்தேன். நீ அழவில்லை. கடலைப் பார்த்தபடி, "அம்மா மேல கோவப்படாதீங்க. அதுவும் பயந்துதான்" என்றாய். பயமாம்! பயந்தவர்கள் கம்பளியைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். அன்று இதைச் சொல்லியே உன்னோடு சண்டை போட்டேன். இன்றும் அதைத்தான் சொல்கிறேன். மன்னிக்கிற உரிமை உனக்கு இருந்தது, மன்னித்தாய். நீட்டிய உன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். என்னால் முடியாது.

நீ போன அன்று என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. சொல்கிறேன். உன்னைக் குளிப்பாட்டி, கூறைச்சேலை கட்டி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்துத் கனமாய் ஒரு மாலை போட்டு வாசலில் கிடத்தினார்கள். நம் லயம், மேல் லயம், ஆற்றங்கரை லயம், எல்லாப் பெண்களும் வேலை முடிந்த உடையோடு, பால்கறை கையோடு வந்தார்கள். சுமங்கலியாய்ப் போனவள் என்று உன் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுத் தங்கள் தாலியில் வைத்துக்கொண்டார்கள். கங்காணியின் சம்சாரம் கல்யாணம் நிச்சயமான தன் மகளைக் கூட்டி வந்தாள். "அக்கா கால்ல விழுடி. அவங்க ராசி ஒனக்கு வரட்டும்" என்றாள். அந்தப் பெண் உன் காலில் தலையை வைத்துக்கொண்டு வெகுநேரம் எழவில்லை.

அப்போதுதான் நான் கதறினேன். பொண்டாட்டி போன துக்கம் என்று பிடித்துக்கொண்டார்கள். துக்கம்தான். ஆனால் அதில் பாதி ஆத்திரம். ஊர் பேர் தெரியாத இந்தப் பெண்கள் செய்ததை, உன்னைப் பெற்றவள் உனக்கு உயிர் இருக்கும்போது ஒரு தடவை செய்திருக்கக் கூடாதா?

உன் பொறுமை எனக்கு வரவே இல்லை. இந்த ஆத்திரம்தான் மிச்சம். ஆறிப்போக வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வதும் இல்லை. போன தையில் கோயிலில் ஒரு கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் கைம்பெண் ஒருத்தி தானாகவே தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள். "முன்னால வந்து உக்காரும்மா" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. மேளக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அவள் வந்து உட்காரும்வரை நான் உட்காரவில்லை.