தார்னோபோலுக்குப் பேசிய மூன்று நிமிடம்

1939 ஆகஸ்ட் 30, புதன். வார்சா.

நேற்று ஒட்டிய படைதிரட்டல் சுவரொட்டிகளை நேற்றே கிழித்தார்கள். இன்று அதே சுவரில் மறுபடியும் ஒட்டுகிறார்கள். டிராமுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, காரணம் தெரியும் என்பதால். பேச்சுவார்த்தை நடக்கும்போது ஜெர்மனியைச் சீண்ட வேண்டாம் என்று நட்பு நாடுகளான பிரிட்டனும் பிரான்ஸும் கேட்டுக்கொண்டன. ஒரு நாள் போய்விட்டது. அந்த ஒரு நாளில் எத்தனை ரயில் ஆட்களை ஏற்றிப் போயிருக்கும்?

வெளியுறவு அமைச்சகத்தின் சங்கேதப் பிரிவில் இருப்பவர்கள் நாட்குறிப்பு எழுதக் கூடாது. பிரிவுத் தலைவர் கோர்சாக் பார்த்தால் என் ஏழு வருட வேலை போய்விடும். ஆனால் என் கணவன் விட்டெக்கைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டுப் போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவனுக்கு லெஃப்டினன்ட் சட்டை மாட்டி அனுப்பிவிட்டார்கள். தோள் பக்கம் தொளதொளவென்று இருந்தது. பேச ஆளில்லாததால் எழுதுகிறேன்.

செப்டம்பர் 1, வெள்ளி.

காலையில் குண்டு விழுந்தது. ஒத்திகை என்றே எதிர்வீட்டுக்காரி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 3, ஞாயிறு.

பிரிட்டன் போர் அறிவித்துவிட்டது! மாலையில் பிரான்ஸும். பிரிட்டிஷ் தூதரகத்தின் முன்னால் கூட்டம். முன்பின் தெரியாத ஒரு கிழவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். உலகமே நம் பக்கம், இனி என்ன பயம் என்று அலுவலகத்துக்கு நடந்தேன்.

மேசையில் இன்றைக்கு வந்த தந்திகள் இருந்தன. விமானம் எப்போது வரும் என்று லண்டனை நாம் கேட்டிருக்கிறோம். பதில் நீளமாக, மரியாதையாக இருந்தது. தேதி மட்டும் இல்லை.

செப்டம்பர் 5.

முற்றத்தில் காகிதம் எரிக்கிறோம். மூன்று லாரி, ஏழு கார். எங்கே போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. சங்கேதப் புத்தகங்கள் இருக்கும் தோல் பை என் பொறுப்பு. "தூங்கும்போதும் கையிலேயே இருக்கணும்மா. இது போச்சுன்னா நம்ம தூதருங்க பேசுற ஒவ்வொரு வார்த்தையும் ஜெர்மன்காரன் காதுல விழும்," என்றார் கோர்சாக். ஐம்பத்தெட்டு வயது மனிதர். கழுத்துப் பட்டை கசங்கி இன்றுதான் பார்க்கிறேன்.

வீட்டைப் பூட்டிய பிறகு இரண்டு தடவை திரும்பிப் போய்க் கதவை இழுத்துப் பார்த்தேன்.

செப்டம்பர் 9.

மழை வேண்டும். மழை பெய்தால் டேங்குகள் சேற்றில் மாட்டும் என்று எல்லோரும் வானத்தையே பார்க்கிறார்கள். வானம் கண்ணாடி மாதிரி இருக்கிறது.

எங்கள் டிரைவர் ப்ரோனெக் சொல்கிறான்: "அரசாங்கம் போட்ட ரோட்டுல ஜெர்மன்காரன் வந்தா அவன் டேங்கே நட்டு கழண்டு விழுந்துரும்மா. நம்ம மந்திரிங்க தொலைநோக்கோடதான் நல்ல ரோடு போடாம வெச்சிருக்காங்க." கோர்சாக்கே சிரித்துவிட்டார்.

செப்டம்பர் 12, செவ்வாய். க்ஷெமியெனெட்ஸ்.

எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

இது மலைக்கு நடுவில் உள்ள சின்ன ஊர். அமைச்சகமும் வெளிநாட்டுத் தூதர்களும் இங்கேதான் வந்து தங்கியிருக்கிறோம். தெருவெல்லாம் கொடி கட்டிய கார்கள். இத்தனை நாட்டுக் கொடி இருக்கிற ஊரில் குண்டு போட மாட்டார்கள் என்று எல்லோருக்கும் நம்பிக்கை, எனக்கும். இன்று சந்தை நாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெள்ளரிக்காய் ஊறுகாய் வாங்க வரிசையில் நின்றேன். விமானங்கள் தாழ்வாக வந்தன. ஓட்டுகிறவன் தலை தெரிந்தது. தலை! தோல் தொப்பி.

ஒரு வண்டிக்கு அடியில் போய் விழுந்தேன். குதிரை நின்றபடியே செத்து என் பக்கம் சாய்ந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எழுந்தபோது ஊறுகாய்க்காரி இருந்த இடத்தில் பீப்பாய் மட்டும் இருந்தது. பை என் கையில் இருந்தது. பாவாடை நனைந்திருந்தது. முப்பத்தொரு வயதுப் பெண் நான்.

ப்ரோனெக் தேடி வந்தான். பார்த்தான். ஒன்றும் கேட்காமல் தன் மேல்கோட்டைக் கழற்றி என் இடுப்பில் சுற்றினான். "ஊறுகாய்த் தண்ணி கொட்டிடுச்சுன்னு சொல்லுங்கம்மா. எனக்கும் கொட்டிச்சு, கோட்டு நீளமா இருந்ததால தப்பிச்சேன்."

இப்போது கதவு சாத்தும் சத்தம் கேட்டாலும் தரையில் உட்கார்ந்துவிடுகிறேன்.

செப்டம்பர் 15. கூட்டி.

நாட்டின் விளிம்புக்கு வந்துவிட்டோம். ஆறு, அதன்மேல் ஒரு பாலம், அந்தப் பக்கம் ருமேனியா. ஓர் அர்மேனியரின் வீட்டில் தங்கியிருக்கிறோம். புகை போட்ட இறைச்சி செய்கிறவர். மெத்தையில்கூட அந்த வாசம்.

விட்டெக்கின் கார்டு கிடைத்தது! மூன்று ஊர் சுற்றி அமைச்சகத் தபாலோடு வந்திருக்கிறது. தார்னோபோல் முகாமில் இருக்கிறானாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி. தார்னோபோல் கிழக்கே, ஜெர்மன் படை வராத பக்கம். நாட்டிலேயே பத்திரமான இடம் அதுதான் என்று கோர்சாக் வரைபடத்தில் காட்டினார். பத்து நாளில் முதல் முறையாக வயிறாரச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 17, ஞாயிறு.

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே பொய் சொல்லிக்கொள்வேன்.

காலையில் எல்லைக் காவல்படையிடமிருந்து செய்தி: ரஷ்யப் படை கிழக்கு எல்லையைத் தாண்டி வருகிறது. எதற்காக என்று தெரியவில்லை. டேங்குகளின் மேல் நின்று கையசைத்துக்கொண்டு வருகிறார்களாம். பிறகு மாஸ்கோவிலிருந்து நம் தூதரின் தந்தி வந்தது. நான்தான் பிரித்து எழுதினேன். ஐந்து ஐந்து எண்களாக, ஒவ்வொரு சொல்லாக. போலந்து என்ற நாடு இனி இல்லை, ஆகவே அதனோடு செய்த ஒப்பந்தங்களும் இல்லை என்று ரஷ்யர்கள் ஒரு கடிதம் நீட்டியிருக்கிறார்கள். தூதர் அதை வாங்க மறுத்துவிட்டார்.

"இல்லை" என்ற சொல்லுக்கான எண்ணைப் புத்தகத்தில் மூன்று தடவை சரிபார்த்தேன்.

கோர்சாக் படித்தார், உட்கார்ந்தார். "அமைச்சரவை முடிவு பண்ற வரைக்கும் வெளிய ஒரு சொல் போகக் கூடாது. போச்சுன்னா மத்தியானத்துக்குள்ள பாலத்துல லட்சம் பேர் நிப்பாங்க. ருமேனியாக்காரன் கதவை மூடிடுவான்."

"தார்னோபோல் எல்லையிலருந்து எவ்வளவு தூரம் ஐயா?"

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு என்னோடு தபால் நிலையத்துக்கு வந்தார். ஞாயிறு, பூட்டியிருந்தது. திறக்க வைத்தார். "மூணு நிமிஷம். நலம் விசாரிங்க. தந்தி பத்தி மூச்சு விடக் கூடாது. வழியில நாலு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல காது வெச்சிருப்பாங்க." என் பக்கத்திலேயே நின்றார்.

லைன் கிடைக்காது என்றுதான் நினைத்தேன். கிடைத்துவிட்டது.

"லுட்கா? நீயா? எங்கருந்துடி பேசுற?"

"தெக்க. நல்லா இருக்கியா?"

"பூட்ஸ் கடிக்குது. மத்தபடி ராஜா." சிரித்தான். பின்னால் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். "இங்க என்னென்னமோ பேசிக்கிறாங்க. ரஷ்யாக்காரன் எல்லை ஆத்தைத் தாண்டிட்டானாம். ஜெர்மன்காரனை அடிக்க நமக்குத் துணையா வர்றான்னு மேஜர் சொல்றாரு. வாத்தியம் வெச்சு வரவேற்கலாமான்னு ஒருத்தன் கேக்குறான். நீ சொல்லு, உங்க ஆபீசுக்குத் தெரியாம இருக்காது. நண்பனா, எதிரியா?"

கோர்சாக்கைப் பார்த்தேன். தலையை ஆட்டினார். வேண்டாம் என்று.

"தெரியல," என்றேன்.

"தெரியலையா?"

"தெரியல, விட்டெக். நீ இங்க வந்துடேன். ஏதாவது லாரி இருந்தா ஏறி வந்துடேன்."

"எப்படி வர்றது? நாப்பது பசங்க என் முகத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. பாதிப் பேருக்குத் துப்பாக்கியே இல்ல. சரி, நீ சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்று சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

மத்தியானம் கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இறைச்சிக்காரருக்குத் தெரிந்திருந்தது. கோயிலிலிருந்து வந்த பெண்களுக்குத் தெரிந்திருந்தது. ரெண்டே ரெண்டு மணி நேரத்து ரகசியம்டி அது, லுட்கா. அதுக்காகவா? ஒத்தைச் சொல்லு. எதிரி. சொன்னா என்ன ஆகியிருக்கும்? லைனை வெட்டியிருப்பாங்க. வெட்டட்டுமே. சொல்லு போயிருக்குமில்ல?

மூன்று மணிக்கு உத்தரவு வந்தது: எல்லோரும் பாலத்தைத் தாண்ட வேண்டும். இறைச்சிக்காரரின் அடுப்பில் சங்கேதப் புத்தகங்களை எரித்தோம். ஒன்றை மட்டும் பையில் வைத்துக்கொண்டோம். பாலத்துக்குப் போகிற வழியெல்லாம் கார், மாட்டு வண்டி, சைக்கிள், கையில் குழந்தையும் கடிகாரமுமாக ஆட்கள். ப்ரோனெக் எஞ்சினை அணைத்துச் சாவியைக் கோர்சாக்கிடம் கொடுத்தான்.

"என் சம்சாரம் வார்சாவுல இருக்கா. நான் எந்த நாட்டுக்குப் போய் என்ன பண்ணப் போறேன்? நீங்க ஓட்டுங்கய்யா. கிளட்ச் கொஞ்சம் கோபக்காரி, பாத்து மிதிங்க."

"தார்னோபோல் வழியா போவியா?" என்று கேட்டேன்.

"உங்களுக்காகப் போவேன். வர்றீங்களா?"

கோர்சாக் என் கையிலிருந்த பையைத் தொட்டார். "குடுத்துட்டுப் போறதுன்னா போங்கம்மா. தடுக்க மாட்டேன்."

யாரும் தடுக்கவில்லை. அதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். பையைக் கொடுத்திருக்கலாம். மேற்கே வானத்தில் ஏதோ இரைந்தது. விமானமா, லாரியா தெரியவில்லை. சந்தைக்கு மேல் பறந்தவனின் தோல் தொப்பி கண்ணில் வந்தது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பை என் பொறுப்பு," என்றேன். கடமைக்காரி மாதிரி.

ப்ரோனெக் தொப்பியைத் தொட்டுத் தலையசைத்தான். எல்லோரும் தெற்கே போக, அவன் ஒருவன் மட்டும் வண்டிகளுக்கு நடுவில் வடக்கே நடந்தான். கோட்டைத் திருப்பிக் கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

செப்டம்பர் 18. பாலத்துக்கு அந்தப் பக்கம்.

ருமேனியக் காவலர்கள் துப்பாக்கிகளை வாங்கிக் குவிக்கிறார்கள். நம் சிப்பாய்கள் அழுதுகொண்டே போடுகிறார்கள். ஒரு ருமேனியக் கிழவி சோளக் களி கொடுத்தாள். மடியிலேயே வைத்திருந்தேன். தார்னோபோலுக்கு நேற்று மாலையே ரஷ்யப் படை வந்துவிட்டதாம்.

டிசம்பர் 11. புக்கரெஸ்ட்.

உயிரோடு இருக்கிறான்!

ரஷ்யாவில் கொசெல்ஸ்க் என்ற ஊர். பழைய மடாலயமாம். பிடிபட்ட அதிகாரிகளை அங்கே அடைத்திருக்கிறார்கள். அவன் கார்டில் தணிக்கைக்காரன் இரண்டு வரியைக் கறுப்படித்திருக்கிறான். மிச்சத்தை அப்படியே எழுதி வைக்கிறேன்:

"நலம். கம்பளி சாக்ஸ், பல்பொடி அனுப்பு. இங்கே டாக்டர்கள், வக்கீல்கள், வாத்தியார்கள் எல்லோரும் இருக்கிறார்கள், பொழுது போகிறது. ஆப்பிரிக்காவின் நதிகள் பற்றி வகுப்பு எடுத்தேன். அன்றைக்கு நீ தெரியலை என்று சொன்னதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்றை நீ ஒப்புக்கொண்டு நான் பார்த்ததே இல்லையே. பசங்களை அப்போதே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். நாற்பது பேரும் போய்விட்டார்கள். நான் பூட்ஸ் மாட்டுவதற்குள் நேரமாகிவிட்டது."

எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. வீட்டுக்காரி கதவைத் தட்டி, அழுகிறாயா சிரிக்கிறாயா என்று கேட்டாள்.

1940 மார்ச் 20.

நான்காவது கார்டு. மார்ச் 3 தேதியிட்டது. பல்வலி தீர்ந்ததாம். எல்லோரையும் சீக்கிரம் வேறெங்கோ அனுப்பப்போகிறார்கள் என்று முகாமில் பேச்சாம். எங்கே என்று பந்தயம் கட்டுகிறார்களாம்.

ஏப்ரல் 26.

கடிதம் இல்லை. தபால் தாமதம்.

மே 14.

நான்கு நாளாகப் பிரான்ஸில் சண்டை. நான் வேலை பார்க்கும் அகதிகள் உதவி அலுவலகத்தில் எல்லோரும் வானொலியைச் சுற்றி நிற்கிறார்கள். நான் மட்டும் என் மேசையில் இருந்தேன்.

விட்டெக்குக்கு ஏப்ரலில் நான் எழுதிய கார்டு இன்று திரும்பி வந்தது. மேலே ஒரு முத்திரை: "திருப்பி அனுப்பவும். சென்றுவிட்டார்."

பத்து மணிக்கு, முகாமில் இருக்கும் ஒரு டாக்டரின் மனைவி ஸரெம்பினா வந்தாள். அவள் கையிலும் ஒரு கார்டு. அதே முத்திரை, அதே ஊதா மை. பன்னிரண்டு மணிக்குள் இன்னும் ஒன்பது பெண்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் கார்டுகளில் கொசெல்ஸ்க் மட்டும் இல்லை, வேறு இரண்டு முகாம்களின் பெயரும் இருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். முகங்களில் வெளிச்சம்.

ஒவ்வொருவருக்கும் கடைசியாக வந்த கடிதத்தின் தேதியைக் கேட்டு ஒரு தாளில் எழுதினேன். பழக்கதோஷம். என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். எல்லாம் மார்ச். ஏப்ரல் என்று தேதி போட்ட கடிதம் ஒன்றுகூட இல்லை. வெவ்வேறு முகாம், வெவ்வேறு மனிதர்கள், கடிதம் எழுதச் சோம்பல்படுகிறவனும் உண்டு, வாரம் தவறாமல் எழுதத் துடிக்கிறவனும் உண்டு. அத்தனை பேரும் சேர்ந்தாற்போல் பேனாவைக் கீழே வைத்தால் அதை அவர்கள் வைக்கவில்லை. ஓர் உத்தரவு வைத்திருக்கிறது. என்ன உத்தரவு என்று தாளில் இல்லை. வேறு முகாமுக்கு மாற்றப்பட்டு உயிரோடு இருந்தால் கார்டும் பின்னாலேயே போயிருக்குமே. தாளை நாலாக மடித்து இழுப்பறையில் போட்டேன்.

"வேற நல்ல இடத்துக்கு மாத்தியிருப்பாங்க," என்றாள் ஸரெம்பினா. "குளிர் போயிடுச்சில்ல. விடுதலையே பண்ணியிருக்கலாம். புது விலாசம் வந்ததும் எழுதுவாங்க. என்னம்மா சொல்றீங்க, அப்படித்தான?"

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்படித்தான்," என்றேன்.

அவள் கசகசா கேக் கொண்டுவந்திருந்தாள். எனக்குப் பெரிய துண்டாக வெட்டிக் கொடுத்தாள். எல்லோரும் பார்க்க, முழுவதையும் தின்று முடித்தேன்.