மல்லிகா தந்த ஆரோக்கியப்பச்சை

ஐப்பசி 9, செவ்வாய், இரவு

காய்ச்சல் விட்டு இன்றுதான் ஏலத்தோட்டத்துக்குப் போனேன். போடியிலிருந்து ஜீப்பு மலையேறும்போதே உடம்பு வெலவெலத்தது. காயெடுப்பில் பின்தங்கினால் கங்காணி நாளைக்கு ஜீப்பில் இடம் தரமாட்டார்.

என் முகத்தைப் பார்த்து, கூடக் காயெடுக்கும் மல்லிகா இரண்டு காய்ந்த பழங்கள் தந்தாள். பொதிகை மலைப் பக்கம் பிறந்து ராசிங்காபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள்.

"ஆரோக்கியப்பச்சைக்கா. எங்கூர்க் காட்ல காய்க்கிறது. ஒண்ணு மெல்லுங்க, அலுப்பே தெரியாது."

என்ன செடியோ அது! ஒன்றை மென்ற அரை மணியில் காலின் கனம் போய்விட்டது. மத்தியானத்துக்குள் கூடை நிறைந்தது. பெருமையாகப் படுதாவில் கொட்டினேன். பாதி இளங்காய். பழுத்ததை மட்டும் பறிக்கிற என் கை, வந்த வேகத்தில் எல்லாவற்றையும் உருவியிருக்கிறது.

கங்காணி குவியலைக் கிளறினார். "எவ எடுத்தது இது?"

நான் குனிந்து காலிக் கூடையை எடுத்தேன்.

"நாந்தாண்ணே" என்றாள் மல்லிகா. அவர் முறைத்துவிட்டுப் போனார்.

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"பழத்தக் குடுத்தது நாந்தானக்கா" என்று சிரித்தாள். எப்பேர்ப்பட்டவள்!

இன்னும் தூக்கம் வரவில்லை. காலையில் அவளுக்கு ஜீப்பில் இடமில்லை என்றால், இளங்காய் எடுத்தது நான் என்று கங்காணியிடம் சொல்லிவிடுவேன். இப்போது துணிச்சலாக எழுதுகிறேன். விடிந்தால் எப்படியோ. இன்னொரு பழம் மிச்சமிருக்கிறது. ஜீப்பு வருவதற்குள் அதை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்.