தையல்காரருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து

அன்பு மகள் சின்னுவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், என் இடது முட்டி மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்குள் வராது, அதனால்தான் தட்டுத்தடுமாறி மெயிலில் டைப் அடிக்கிறேன். பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழி மண்டையில் ஏறவில்லை, திங்கட்கிழமை வகுப்பை விட்டுவிட்டுப் பழைய வேலைக்கே போகிறேன் என்று நீ எழுதியதை அம்மாவும் நானும் படித்தோம். அறிவுரை சொல்லும் தைரியம் எனக்கு என்றைக்கும் கிடையாது, உனக்கே தெரியும். அப்படி என்னதான் கஷ்டம் என்று பார்க்க, உன் பாடக்குறிப்பை வைத்துக்கொண்டு அதே பயிற்சியை நானும் செய்தேன். அம்மா மருந்துக் கடையிலிருந்து உனக்கு அனுப்பிய அதே ஃபைல்தான், பெயர் இல்லாமல் வாடிக்கையாளர் எண்ணும் அவருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தும் வரிவரியாக இருக்குமே, அது. எண்ணைக் கொடுத்தால் மருந்தைச் சொல்ல வேண்டும். பலமுறை சரிபார்த்து ஓட்டினேன், ஒரு பிழையும் காட்டவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை போ.

சனிக்கிழமை நீ அனுப்பியிருந்த புரோகிராமையும் என்னுடையதையும் அம்மாவின் கடைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தேன். அப்போது எதிர்க்கடைத் தையல்காரர் கன்னத்தைப் பிடித்தபடி பல் டாக்டரின் சீட்டோடு வந்தார். எந்த மருந்தாவது ஒத்துக்காதா என்று அம்மா கேட்டதற்கு, சல்பா மட்டுந்தாங்க்கா, சீக்கிரம் குடுங்க, உயிர் போவுது என்றார். அம்மா விளையாட்டாக அவர் எண்ணை இரண்டிலும் தட்டினாள். என்னுடையது சல்பா என்றது. உன்னுடையது சல்பா, பெனிசிலின் என்றது. சீட்டில் இருந்ததோ பெனிசிலின் வகை மாத்திரை. அம்மாவின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. திரும்பக் கேட்டதும் அவர் முழித்தார், ஆமாக்கா, ஒரு தடவை மூஞ்செல்லாம் வீங்கி மூச்சே திணறிச்சு, வலியில மறந்துட்டேன் என்றார். அம்மா உடனே டாக்டருக்குப் போன் போட்டு மருந்தை மாற்றி வாங்கினாள். பிறகு என் பக்கம் திரும்பி, உங்களோடது ஆளையே மேல அனுப்பி வெச்சிருக்கும், முதல்ல அதை அழிங்க என்றாள்.

வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. என் டிக்‌ஷனரியில் (எண்ணுக்கு எதிரே மருந்தைக் குறித்து வைக்கும் பைத்தான் பட்டியல்) ஓர் எண்ணுக்கு ஒரு மருந்துக்குத்தான் இடம், அதே ஆளின் அடுத்த வரி வந்ததும் முந்தையதைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. நீ ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு செட், அதாவது ஒரு தொகுப்பு, வைத்திருக்கிறாய். ஒரே மருந்து எத்தனை தடவை வந்தாலும் அது ஒன்றாகவே வைத்துக்கொள்கிறது, புது மருந்து வந்தால் கூடச் சேர்த்துக்கொள்கிறது. இது குறிப்பில் எங்கே இருக்கிறது என்று முழுக்கத் தேடினேன், இல்லை. நீயாக யோசித்தது. மண்டையில் ஏறாதவளுக்கு இப்படித் தோன்றுமா சின்னு? நான் தப்பாகவும் புரிந்துகொண்டிருக்கலாம், ஆனாலும் அதிசயித்துப் போனேன்.

ஒன்றை மட்டும் சொல்ல விட்டுவிட்டேன். கிளம்பும்போது தையல்காரர், இதை யாரு செஞ்சதுக்கா என்று கேட்டார். என் பொண்ணு, கம்ப்யூட்டர் இன்ஜினியர் என்றாள் அம்மா. காற்புள்ளி தவறினாலே திருத்துகிறவன் நான், பக்கத்திலேயே நின்றிருந்தேன், திருத்தவில்லை.

திங்கட்கிழமை நீ எதைச் சொன்னாலும் எங்களுக்குச் சம்மதம். நீண்ட ஆயுளும் நிம்மதியும் உனக்கு இருக்கட்டும். இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

உன் திறமையைக் கண்ணால் பார்த்த
அப்பா