வந்து சேர்ந்ததென்று எழுது

ஜூன் 4

குட்டியின் அப்பாவுக்கு,

இங்கே நலம். அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? களிம்பு தீர்ந்திருந்தால் சொல்லுங்கள், வாங்கி அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடுகிறது என்பதால், இனி எதுவானாலும் எழுத்தில்தான் என்று பிரியும்போதே பேசிக்கொண்டோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

குட்டியின் வகுப்புச் சுவரில் ஒட்டுவதற்கு ஆளுக்கொரு பழைய குடும்பப் படம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடிவிட்டேன், ஒன்றுகூட இல்லை. படமெடுப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் மனிதரின் மகள்தான் வகுப்பிலேயே படம் இல்லாத ஒரே பிள்ளை. கம்பெனிக்காரர்களின் மிக்ஸியையும் மின்விசிறியையும் பளபளவென்று எடுத்து விளம்பரப் புத்தகத்தில் போடத் தெரிந்த உங்களுக்கு, பெற்ற பெண்ணின் படம் ஒன்றைச் சுவரில் மாட்டக் கை வரவில்லை. கேட்டால், "எல்லாம் டிஸ்க்ல பத்திரமா இருக்கு" என்பீர்கள். டிஸ்க்கை ஆணியில் மாட்டவா முடியும்?

குட்டி பிறந்ததிலிருந்து நாங்கள் அண்ணன் வீட்டு மாடிக்குக் குடிவந்தது வரை எடுத்த படங்கள் அனைத்தும் எனக்கு வேண்டும். போனில் அனுப்ப வேண்டாம். அதில் வந்தால் படம் சுருங்கிப் பாழாகிவிடும் என்று நீங்களே ஆயிரம் முறை சொல்லியிருக்கிறீர்கள். தபாலில் அனுப்புங்கள், பத்திரமாக.

இன்னொன்று. அனுப்பியபின், நான் இருக்கும் படங்களை அங்கே அழித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா


ஜூன் 12

அன்புள்ள மருந்துக்காரம்மாவுக்கு,

ஆஸ்பத்திரி மருந்து கவுன்டரில் உட்கார்ந்திருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? பெயர் சொல்லிக் கூப்பிடும் உரிமை இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. அம்மா உன் களிம்பைத்தான் கேட்கிறாள். நான் வாங்கித் தந்ததைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

நீ திட்டியதெல்லாம் சரி. ஆணி அடிக்கச் சுவர் இருந்தபோது எனக்கு நேரமில்லை. இப்போது நேரம் இருக்கிறது, சுவரும் இருக்கிறது, மாட்டிப் பார்க்க ஆளில்லை.

படங்களை எப்படி அனுப்பப்போகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். மூலத்தை அசைக்க மாட்டேன். இரண்டு சின்ன டிஸ்க்கில் பிரதி எடுத்து, ஒன்று போய்ச் சேர்ந்த பிறகு மற்றதை அனுப்புவேன். ஒரே பையில் இரண்டையும் போட்டால் தொலைந்தாலும் இரண்டும் சேர்ந்தே தொலையும். லென்ஸ் வந்த கெட்டி அட்டைப்பெட்டி இருக்கிறது. சுற்றிலும் பஞ்சு வைத்து, குலுக்கினால் சத்தம் வராதபடி அடைப்பேன். மழையில் நனைந்தாலும் உள்ளே ஈரம் போகாமல் பாலிதீன் பையில் ஒட்டிவிடுவேன். மேலே 'விலை உயர்ந்தது' என்று எழுத மாட்டேன், அது திருடனை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது. மேல்தாள் கிழிந்தாலும் வந்து சேர வேண்டுமென்று உள்ளேயும் உன் முகவரியை வைப்பேன். நீ கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்பார்கள்.

டிஸ்க்குக்குப் பூட்டுப் போட்டுவிடுவேன். பாஸ்வேர்டு பெட்டிக்குள் இருக்காது. கோபம் வந்தால் என்னை எந்த மிருகத்தின் பெயர் சொல்லிக் கூப்பிடுவாயோ அதை அடித்து, பக்கத்தில் குட்டி பிறந்த வருஷத்தைப் போடு. தபாலில் திருடுகிறவனுக்கு இது தெரிய வழியில்லை.

கடைசியாக, இது எங்கள் தொழிலில் கட்டாயம். படம் கிடைத்ததும் திறந்து பார்த்துவிட்டு, 'வந்து சேர்ந்தது' என்று எழுது. வாங்கியவர் அப்படி எழுதும்வரை அனுப்பியவர் எதையும் அழிக்கக் கூடாது. நீ எழுதியதும் அழித்துவிடுகிறேன்.

அழிக்கச் சொன்னது வலிக்கிறது. வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். குட்டியை எடுத்த படங்களில் பாதிக்கு மேல் அவளைத் தூக்கிக்கொண்டு நீதான் நிற்கிறாய். உன் கையை மட்டும் வெட்டிவிட்டு அவளை வைத்துக்கொள்ளட்டுமா? யோசித்துச் சொல்.

இப்படிக்கு,
குட்டியின் அப்பா


ஜூன் 20

குட்டியின் அப்பாவுக்கு,

கையை வெட்ட வேண்டாம், பார்க்க நன்றாக இருக்காது. நான் இருந்தால் அந்தப் படம் முழுவதையும் அழித்துவிடுங்கள். குட்டி தனியாக இருக்கும் படங்களை வைத்துக்கொள்ளுங்கள்.

கோபத்தில் சொல்லவில்லை. குட்டியின் முதல் பிறந்தநாளில் எல்லோரும் மேஜையைச் சுற்றி நின்றோம், நீங்கள் நாற்காலிமேல் ஏறி நின்றீர்கள். கடற்கரைக்குப் போனோம், நாங்கள் தண்ணீரில் நின்றோம், நீங்கள் கரையில். முதுகு வலியோடு அடுப்படியில் நின்றால், "இன்னொரு தடவை இந்தப் பக்கம் திரும்பு" என்பீர்கள். திரும்புவேன். கண்ணை இமைத்துவிட்டால் "போச்சு" என்று அந்த இடத்திலேயே அழித்துவிடுவீர்கள். அத்தனை வருஷமும் நீங்கள் எங்களோடு இருந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. படம் எடுக்க வந்த ஆள் மாதிரி இருந்தீர்கள். அப்படி எடுத்ததில் என் முகம் உங்களிடம் இருக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். அவ்வளவுதான்.

சுவரில் படம் ஒட்ட ஜூலை கடைசிவரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். களிம்பு தனியாக வருகிறது. அத்தைக்கு இரவில் மட்டும் தடவச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா


ஜூலை 1

மருந்துக்காரம்மாவுக்கு,

முதல் பார்சலை இன்று காலை அனுப்பிவிட்டேன். தபால் ஆபீஸ் கவுன்டரில் இருந்த அம்மா பெட்டியை வாங்கிக் காதருகே வைத்துக் குலுக்கினார். சத்தம் வரவில்லை என்றதும் எனக்குப் பெருமையாக இருந்தது.

"உள்ள என்ன சார்?"

"போட்டோம்மா. டிஸ்க்ல இருக்கு."

"இன்ஷூர் பண்றீங்களா? தொலைஞ்சா எவ்வளவு தரணும்னு இங்க எழுதுங்க."

பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசையில் இருந்தவர், "என்னங்க, பரீட்சையா எழுதுறீங்க?" என்று கேட்டார். கடைசியில் டிஸ்க்கின் விலையை எழுதினேன். வேறு என்ன எழுத? குட்டி முதல் தடவை நடந்து வந்து உன் முழங்காலைக் கட்டிக்கொண்ட படம் இவ்வளவு என்று எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை.

நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். நாற்காலிமேல்தான் நின்றேன்.

கிடைத்ததும் எழுது.

இப்படிக்கு,
குட்டியின் அப்பா


ஜூலை 19

மருந்துக்காரம்மாவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபால் ஆபீஸுக்குப் போய்க் கேட்டேன். அதே அம்மா கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, "டெலிவரி ஆயிடுச்சே சார், கையெழுத்துகூட இருக்கு பாருங்க" என்று திரையைத் திருப்பிக் காட்டினார். உன் கையெழுத்துதான். கடைசி எழுத்தின் வாலை நீட்டிவிடும் பழக்கம் போகவில்லை.

பெட்டி வந்துவிட்டது, நீ எழுதவில்லை. அப்படியானால் டிஸ்க் திறக்கவில்லையா? வழியில் அடிபட்டதா? எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாவது பிரதியை இன்று அனுப்பிவிட்டேன்.

நீ இருக்கும் படங்களை எல்லாம் பிரித்து ஒரே ஃபோல்டரில் போட்டுவிட்டேன். நீ எழுதியதும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. தினமும் அதைத் திறந்து பார்க்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்படி நாளைக் கடத்தாதே. அழிப்பதைவிட, அழிக்கப்போகிறோம் என்று காத்திருப்பது கஷ்டமாக இருக்கிறது. 'வந்து சேர்ந்தது' என்று ஒரு வரி போடு, போதும்.

குட்டிக்கு முத்தம்.

இப்படிக்கு,
குட்டியின் அப்பா


ஆகஸ்ட் 2

எருமைக்கு,

பாஸ்வேர்டு முதல் தடவையே சரியாக விழுந்தது. குட்டி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அம்மா, இது கெட்ட வார்த்தை இல்லையா?" என்று கேட்டாள். அப்பாவின் செல்லப் பெயர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து பார்த்தோம். சோறுகூட வடிக்கவில்லை. எல்லாம் அழகாக இருந்தன. ஒன்றிலும் யாருக்கும் கண் மூடியிருக்கவில்லை, ஒன்றிலும் நீங்கள் இல்லை. நினைத்த மாதிரிதான் என்று உங்கள்மேல் கோபமாகவே வந்தது.

அப்போதுதான் குட்டி இன்னொரு ஃபோல்டரைத் திறந்தாள். 'குட்டி எடுத்தது' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அவளுக்கு நான்கு வயதில் உங்கள் பழைய கேமராவைக் கொடுத்து விளையாட விட்டீர்களே, அப்போது எடுத்தவை. கதவுக் கைப்பிடி, பூனையின் வால், என் சேலை நுனி, தலையில்லாத மனிதர்கள், ஒன்றுமே தெரியாத வெறும் இருட்டு. என் இமை அசைந்தால் அழித்த மனிதர், இத்தனை குப்பையில் ஒன்றைக்கூட அழிக்கவில்லை. தேதி வாரியாக அடுக்கி வேறு வைத்திருக்கிறீர்கள்.

அதில் ஒன்று, நீங்களும் நானும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சண்டை போடுவது. இரண்டு பேருக்கும் வாய் திறந்திருக்கிறது, என் விரல் உங்கள் முகத்துக்கு நேரே நீண்டிருக்கிறது. எதற்காகச் சண்டை என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. அடுத்த படம் அதே நிமிஷத்தில் மேஜைக்கு அடியில் புகுந்து எடுத்தது. உங்கள் கால்கள் இரண்டும் தரையில் இருக்கின்றன, அவற்றின்மேல் என் பாதங்கள். குளிருகிறதென்று எப்போதும் அப்படித்தான் வைப்பேன். நீங்களும் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

குட்டி கேட்டாள், "மேல அவ்ளோ சண்டை போட்டுட்டு, கீழ ஏம்மா இப்படி உக்காந்திருக்கீங்க?"

எழுந்து அடுப்படிக்குப் போய் அழுதேன். அதன் பிறகு உங்களுக்கு எழுத உட்காரும்போதெல்லாம் 'வந்து சேர்ந்தது' என்ற அந்த ஒரு வரியில் வந்து பேனா நின்றுவிடுகிறது. எழுதினால் நீங்கள் அழித்துவிடுவீர்கள். சொன்ன சொல் தவறாத ஆள், நிச்சயம் அழிப்பீர்கள்.

பள்ளிக்கூடத்துக்கு எத்தனையோ நல்ல படங்கள் எடுத்துக் கொடுத்தேன். குட்டி பிடிவாதமாக அந்தக் கால் படத்தைத்தான் பிரிண்ட் போட்டு எடுத்துப் போனாள். டீச்சர், "குடும்பப் படம்தானே கேட்டேன், முகமெல்லாம் எங்கே?" என்றாராம். இவள், "முகம் மேல சண்டை போட்டுட்டு இருக்கு டீச்சர்" என்றாளாம். கவுன்டரில் மாத்திரையை எண்ணும்போது நினைவு வந்து சிரித்துவிடுகிறேன், திரும்ப முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்கிறது.

சேர்ந்து இருப்பதைப் பற்றி இப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. என்னால் முடியுமா என்றும் தெரியவில்லை. அதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆனால் தபால் விஷயத்தை எழுத்தில் முடித்துவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய பார்சல் எனக்கு இன்னும் வந்து சேரவில்லை. கையெழுத்து யாருடையதோ. இரண்டாவது பார்சல் நேற்று வந்தது, அதுவும் வந்து சேரவில்லை. இனி எத்தனை அனுப்பினாலும் சேராது. உங்கள் தொழில் கட்டாயத்தை நீங்கள் மீறக் கூடாது.

இந்த மாதம் மூன்றாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, சுவரைப் பார்க்கப் பெற்றோரை அழைத்திருக்கிறார்கள். அத்தைக்கு நடக்க முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். குட்டி எடுப்பாள்.

இப்படிக்கு,
காலை மேலே போட்டவள்