வார்டு வாசலில் வாடாத இலை

மே 6, திங்கள்

அம்மா தூங்கிவிட்டாள். கொசுவலைக்குள் டார்ச்சை ஒளித்துவைத்து எழுதுகிறேன்.

இன்றும் எங்கள் தீவில் எரிமலைச் சாம்பல் விழுந்தது. வாழை இலை, கூரை, என் பள்ளிச் சட்டை எல்லாம் பழுப்பு. பிரசவ வார்டு வாசலில் தடையாகக் கட்டிய கோர்கோர் இலை மட்டும் கழுவி வைத்ததுபோல் பச்சை. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

கட்டியது தோவுயா மாமா. அம்மாவைப்போல அவரும் வார்டில் நீலச் சட்டை ஊழியர், கீழ் கிரேடு. "ராத்திரிப் பிரசவம் பாக்கிறது நாங்க. வெள்ளைச் சட்டை நர்ஸுக்கு முழுச் சம்பளம், எங்களுக்குப் பாதியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கட்டினார். அந்தக் காட்டு இஞ்சி இலை கதவில் தொங்கினால் எங்கள் பக்கத்தில் யாரும் அந்த வாசலைத் தாண்டமாட்டார்கள். மாகாண அலுவலகத்துக்காரர்களும்தான். பிரசவக்காரிகள் இப்போது படகில் டவுனுக்குப் போகிறார்கள்.

மாமா காய்ச்சலில் செத்துப்போனார். கட்டியவர்தான் இலையை மாற்றலாம். வேறு கை பட்டால் தடை செல்லாது. அதனால் அலுவலகம் சும்மா காத்திருக்கிறது. இலை காய்ந்து உதிர்ந்ததும் கதவைத் திறப்பார்கள். நீலச் சட்டைகளை வேலையைவிட்டு நீக்குவார்கள். சொல்லியாயிற்று.

மாமாவைப் புதைத்த மண்ணில் புல் முளைத்துவிட்டது. இலை காயவில்லை.

மே 7

குழாயடியில் ரெல்வி அக்கா பாக்கு மென்றுகொண்டே சொன்னாள் — அவளும் நீலச் சட்டை — "உயிரோட இருந்தப்ப மனுஷன் டூட்டிக்கு லேட்டாத்தான் வருவார். செத்தப்புறம் ஒரு நாள் தவறலை பாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அவரவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள்.

மே 9

விடியுமுன் வார்டுத் தொட்டியில் தண்ணீர் எடுப்பது என் வேலை. ராத்திரி முழுக்கச் சாம்பல் பெய்திருந்தது. முற்றத்தில் ஒரு சுவடு இல்லை, கோழிக்கால்கூட இல்லை. இலை புதுசு. ஈரமாக இருந்தது.

நடக்காமல் எப்படி வந்தது?

அம்மாவிடம் சொன்னேன். என் வாயைப் பொத்தினாள். "நமக்காக வர்றார். எதையும் கேக்காதே."

செத்த பிறகுமா ஒரு மனுஷன் ராத்திரி வேலை பார்க்கணும்? அதுக்கு எந்த கிரேடு?

மே 10

அலுவலகத்துக்காரர் படகில் வந்தார். வேலிக்கு வெளியே நின்றே இலையைப் பார்த்தார். வார்டில் ஒரே வெள்ளைச் சட்டை சிஸ்டர் டோர்காஸ்தான். அவரைக் கூப்பிட்டுக் கேட்டாராம். "எனக்கு எதுவும் தெரியாது சார்" என்றாராம் சிஸ்டர்.

"அவளுக்கென்ன, ரெட்டைச் சம்பளம்" என்றாள் ரெல்வி அக்கா.

மே 13

பார்த்துட்டேன். எழுத்து கோணுது.

தொட்டியடியில் நின்றிருந்தேன். கதவுக்குப் பக்கத்து ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகள் மெல்லத் திரும்பின. உள்ளேயிருந்து ஒரு கை வந்தது. கை மட்டும். வெளுத்து, ஈரமாக, ரேகையே இல்லாமல். பழைய இலையை அவிழ்த்தது. புதியதைக் கட்டியது. முடிச்சு மாமாவின் முடிச்சேதான்.

என் வாளி விழுந்தது. கை அப்படியே நின்றது.

"தண்ணி பிடிக்க வந்தியா? சத்தம் போடாதே."

சிஸ்டர் டோர்காஸ். ரப்பர் கையுறை. வார்டை ஒட்டிய தன் குடியிருப்பிலிருந்து பின்கதவு வழியாக உள்ளே வந்துவிடுகிறார்.

"நீங்களா? ஏன் சிஸ்டர்?"

"ராத்திரி குழந்தையை எடுக்கிறது உங்கம்மா. காலையில வந்து கையெழுத்துப் போடுறது நான். எனக்குத் தெரியாதா?"

"அம்மாகிட்ட சொல்லட்டுமா?"

"சொன்னா அவளே இலையை அறுத்து எறிவா. வெள்ளைச் சட்டையோட தயவு அவளுக்கு வேணாம். மாமாவே வர்றதா இருக்கட்டும்."

மே 14

யாரிடமும் சொல்லவில்லை.

மே 20

சிஸ்டருக்கு மாற்றல். அலுவலகத்துக்கு ஒத்துழைக்கவில்லையாம். மாலைப் படகில் போய்விட்டார். வழியனுப்ப நீலச் சட்டை ஒருத்தரும் வரவில்லை. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். படகில் ஏறுமுன் சிஸ்டர் பெட்டியை வாங்கிக்கொண்டார். என் கைக்குள் வார்டுப் பின்கதவுச் சாவியும் ஒரு ஜோடிக் கையுறையும் திணித்தார்.

ஐயோ, நானா?

மே 22

இலையின் ஓரம் பழுத்துவிட்டது. அம்மா கிழங்கைத் தொடவில்லை. "அவரும் கைவிட்டுட்டார்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

மே 23

இலை பச்சை.

குழாயடியில் ஒரே கும்மாளம். "சிஸ்டர் தொலைஞ்சதில அவருக்கும் சந்தோஷம்டி!" என்றாள் ரெல்வி அக்கா. சிஸ்டர் போயும் இலை காயாததால் அலுவலகம் இறங்கிவந்துவிட்டது, திங்கட்கிழமை சம்பளத்தைப் பற்றிப் பேச வரச் சொல்லியிருக்கிறது. அதுவரை இலை நிற்க வேண்டும். அம்மா நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். போட்டுக்கொண்டே பாடினாள்.

நேற்று ராத்திரி அந்த வார்டு இருட்டில் நான் தனியாக இருந்ததாகத் தோன்றவில்லை. மாமாவின் முடிச்சு எனக்குப் போடத் தெரியாது. யாரும் சொல்லித்தரவில்லை. விரல்கள் தாமாகப் போட்டன.

கையுறை எனக்குப் பெரிது, கழற்றிவிட்டேன். சோப்புப் போட்டுத் தேய்த்தும் கையில் இஞ்சி வாசனை போகவில்லை. அம்மா பக்கம் திரும்பாமல் படுத்திருக்கிறேன்.