முப்பது எண்ணும் வரை

முத்துப்பிரியா,

நீ இன்னும் போனில் இருக்கிறாய். அதனால்தான் இந்தச் சீட்டு.

நேற்று ராத்திரி, "வீட்டுல உட்கார்ந்து போன் பேசுறதெல்லாம் ஒரு சோலியா?" என்று கேட்டுவிட்டேன். "நாளைக்கே எழுதிக் குடுத்துட்டு நின்னுக்கிறேன்" என்றாய்.

இன்று குரங்கணிக்கு ஜீப் ஓட்டக் கிளம்பும்போது ஸ்பீக்கரில் ஓர் அழுகை. உங்கள் கம்பெனி ஹெல்ப்லைனுக்குக் கூப்பிட்ட யாரோ ஓர் அம்மா, அவரும் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர். லேப்டாப் இருண்டுவிட்டது. பத்து நிமிஷத்தில் மீட்டிங்.

"அழாதீங்கக்கா. சார்ஜரக் கழட்டுங்க. பவர் பட்டன விடாம அமுக்குங்க. நானும் கூடவே எண்ணுறேன். ஒண்ணு... ரெண்டு..."

முப்பது வரை எண்ணி, கையை எடுத்துவிட்டு மறுபடி ஒருதடவை அமுக்கச் சொன்னாய். வாசலில் நானும் மூச்சு விடவில்லை. "வந்திருச்சு!" என்று அவர் அலறியதும் எனக்கு விசிலடிக்கத் தோன்றியது. கண்ணால் பார்க்காமலே உயிர் கொடுத்துவிட்டாயே!

நான் சொன்னது தப்பு. ராஜினாமாவை அனுப்பாதே.

ஹாட்பாக்ஸில் இட்லி இருக்கிறது. ஜீப்புச் சத்தம் உனக்கு இடைஞ்சல். தெரு இறக்கம்தானே, தெருமுனை வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாமல் உருட்டிக்கொண்டு போகிறேன்.

வினோத்

பி.கு.: ஏலக்காய் ரூம் சாவி இதன் கீழே. சாயங்காலம் வந்து மூட்டைகளை மச்சுக்கு ஏற்றுகிறேன். அடுப்படியில் உட்கார்ந்து வேலை பார்த்தது போதும். இனி அந்த ரூம்தான் உன் ஆபீஸ்.