நல்ல தண்ணீரில் திருக்கை

ஷாருஜனின் அப்பாவுக்கு நிரோஜினி எழுதுவது. அந்தோனியார் புண்ணியத்தில் நான் நல்ல சுகம். உங்கட முழங்கால் நோ குறைந்ததா? நோவோடு கடலுக்குப் போகாதேங்கோ.

கட்டாரில் நான் வேலை செய்யும் இந்த வீட்டில், கண்ணாடித் தொட்டியில் ஒரு திருக்கை வளர்க்கிறார்கள். கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். உங்கட வலையில் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. போன கிழமை அது சாப்பிடாமல் மூலையில் கிடந்தது. தொட்டித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். நாரந்தனையில் எங்கட கிணறே அதைவிட உப்பு. கடல் மீனாச்சே, பாவமாக இருந்தது, உப்புப் போத்தலைத் தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டேன். அது துடித்த துடிப்பில் வீடே கூடிவிட்டது. பயப்படாதேங்கோ. தண்ணீர் மாற்றியதும் அது தேறிவிட்டது, என்னையும் ஏச்சோடு விட்டுவிட்டார்கள்.

"அது ஆத்து மீன், பிள்ளை, உப்பையே அறியாது," என்கிறார் இந்த வீட்டுச் சாரதி பரமலிங்கம் அண்ணை. உப்பு அறியாத திருக்கையா? எனக்கு விளங்கவில்லை. இப்போது என்னைக் கண்டால் அது ஏன் கண்ணாடியருகே வருகிறது என்பதும் விளங்கவில்லை.

அண்ணை நாளைக்கு ஊருக்கு வருகிறார், கடிதத்தை அவரிடம் கொடுக்கிறேன். அவர் திரும்பும்போது கொஞ்சம் கருவாடு கொடுத்துவிடுங்கோ. உப்பைத் தட்டாமல் அப்படியே சுற்றுங்கோ. மேடம் கூப்பிடுகிறா.

உங்கட
நிரோஜினி